கோழி எரு போட்ட நிலத்து மழைநீர்: எங்கே பரிசோதிப்பது?

வணக்கம். பாலக்கோடு பக்கம், கோழி எரு போட்ட தக்காளி மேட்டிலிருந்து வழியும் மழைநீர் குடிநீர்க் கிணற்றோரம் தேங்குகிறது. எச்2எஸ் குப்பியில் (மலக்கிருமி இருந்தால் நீர் கறுக்கும் எளிய சோதனைக் குப்பி) கிணற்றுநீர் ஒரே நாளில் கறுத்துவிட்டது. மலக்கிருமி இருக்கலாம் என்பதற்கு மேல் அது சொல்லாது; மலம் கலந்ததைக் காட்டும் ஈ.கோலை பாக்டீரியாவின் எண்ணிக்கை வேண்டும். 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. அதுவரை கொதிக்க வைத்தே குடிக்கச் சொல்லியிருக்கிறோம்.

கிருமி நீக்கிய பாட்டிலில் எடுத்து, ஐஸ் பெட்டியில் 6 மணி நேரத்துக்குள் சேர்த்தால்தான் எண்ணிக்கையை நம்பலாம். தருமபுரி, கிருஷ்ணகிரியில் ஞாயிறன்றும் மாதிரி வாங்கும் ஆய்வகம் தெரியுமா? மழை கிழமை பார்த்துப் பெய்யாதே.

வழியும் நீரை வடிகட்டச் சரிவின் அடியில் வெட்டிவேர்ப் புல் வைத்தவர்கள் எத்தனை அடி அகலம் விட்டீர்கள்? நீர் ஒரே வாய்க்காலாகப் பாய்ந்தால் புல் வடிகட்டாது. பரவி ஓட வரப்பை எப்படிச் சமன் செய்தீர்கள்? படம் இருந்தால் போடுங்கள்.