மறு: அகழ்வதற்கு முன் ஏடுகளில் தேடும் ஆய்வுக்குத் தமிழில் என்ன சொல்?

நண்பர்களுக்கு வணக்கம்.

நகரத்தில் ஓர் இடத்தை அகழ்வதற்கு முன், அங்கே யார் யார் இருந்தார்கள் என்று பழைய வரைபடம், வரிப்பதிவு, பத்திரம், கல்வெட்டு எல்லாவற்றையும் புரட்டுவார்களே, அதற்கு 'மேசை ஆய்வு' என்பது தச்சர் வேலை மாதிரி ஒலிக்கிறது. 'முன்னாய்வு' எதற்கும் பொருந்தும். அதனாலேயே இதற்குப் போதாது.

இங்கே ஒருவர் சொன்ன 'மனைமூல ஆய்வு' எனக்கும் பிடித்தது. தாய்ப்பத்திரம் தேடி வில்லங்கம் பார்ப்பது நமக்குப் பழகிய வேலைதான். நதிமூலம், ரிஷிமூலம் என்ற வழக்கும் துணைக்கு நிற்கிறது. ஆனால் பத்திரம் சொந்தக்காரரைத்தான் காட்டும். உடைந்த சட்டியைக் கொல்லையில் வீசியவர் வாடகைக்கு இருந்தவராக இருக்கலாம். மண்ணுக்குள் கிடைப்பது அவர் சட்டி. பெங்களூரில் எங்கள் தொம்லூர் சொக்கநாதர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளையே பாருங்கள்: நிலம் கொடுத்தவர் பெயர் இருக்கும், உழுதவர் பெயர் இருக்காது.

பிரிட்டனில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுப் படிவங்கள் 100 ஆண்டு கழித்துத் திறக்கப்படுகின்றன; வாடகைக்காரர் பெயரும் கிடைத்துவிடும். இந்தியாவில் 1948 மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு அந்தக் கதவை மூடிவிட்டது. 1809-இல் தொடங்கிய பெங்களூர் கண்டோன்மெண்ட் (ஆங்கிலேயரின் படைக்குடியிருப்பு) பகுதி என்றால் தேவாலயப் பதிவேடு, கல்லறை எழுத்து என்று அலைய வேண்டியதுதான்.

சரி, 'குடியிருந்தோர் ஆய்வு' என்போமா? பெங்களூரிலேயே இடறும். மெஜஸ்டிக் பேருந்து நிலையம் நிற்பது முன்பு தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில், கண்டீரவா விளையாட்டரங்கம் சம்பங்கி ஏரி இருந்த இடத்தில். ஏரியில் யார் குடியிருந்தார்? ஆனாலும் ஆள் நடமாட்டம் இருந்தது. சம்பங்கி ஏரியில் மிஞ்சிய சிறு குளத்துக்குக் கரகத் திருவிழாவின்போது அதை நடத்தும் திகளர் சமூகத்தினர் இன்றும் வருகிறார்கள். எந்தப் பத்திரத்திலும் இல்லாத உறவு அது.

ஆகவே என் பரிந்துரை 'இடப்புழக்க ஆய்வு'. அங்கே இருந்தவர்கள் 'புழங்கியோர்'. வீட்டுக்காரர், வாடகைக்காரர், கடைக்காரர், குளத்துக்கு வந்தவர் எல்லோரும் இதில் அடங்குவர். 'ஆள் புழங்காத வீடு' என்று நாம் சொல்வதும் இதே பொருளில்தான். பேச்சுவழக்கு என்று சிலர் தயங்கலாம். பொருளியலில் 'பணப்புழக்கம்' நிலைத்துவிட்டதே!

ஒரே உறுத்தல்: 'இடப்புறம்' போல இதையும் இடது என்று யாராவது படித்துவிட்டால்? 'களப்புழக்கம்' என்றால் அது தீருமா, இல்லை போர்க்களம் வந்து நிற்குமா? தொல்லியல் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்.