சம்ப் பம்புக்கு பற்றறி பக்கப் அவசியமா?

ரொறன்ரோ ஸ்காபரோவில் வீடு. 2024 ஜூலை 16 மழையில் கரண்ட் போய், பேஸ்மென்ட் குழியில் சேரும் தண்ணீரை வெளியே இறைக்கிற சம்ப் பம்ப் நின்றுவிட்டது, பேஸ்மென்டில் இருக்கிற அம்மாவின் கட்டில் கால் நனையும்வரை தண்ணீர். பற்றறி பம்ப் போட்டால் போதுமா?

பதில்: கட்டாயம் போடுங்கள் தம்பி. இருக்கிற பம்பைக் கழற்ற வேண்டாம், 12 வோல்ட் பம்பைப் பக்கத்தில் வைத்து தண்ணீர் உயர்ந்ததும் பம்பை ஓட வைக்கிற அதன் மிதவையை மட்டும் கொஞ்சம் உயரத்தில் கட்டுங்கள், அப்போதுதான் மெயின் பம்ப் நின்ற பிறகு அது ஓடும். கார் பற்றறி சரிவராது, முழுக்க வடிந்து திரும்பச் சார்ஜ் ஏறுவதைத் தாங்குகிற டீப் சைக்கிள் பற்றறி வாங்குங்கள்.

பதில்: அண்ணா சொன்னது சரி. இரண்டு பம்புக்கும் தனித்தனி செக் வால்வும் (தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் போகவிடுவது) வேண்டும், இல்லாவிட்டால் இறைத்த தண்ணீர் திரும்பக் குழிக்குள்ளேயே விழும். அப்புறம் மாதம் ஒருமுறை மெயின் பம்பின் பிளக்கைக் கழற்றி, பற்றறி பம்பின் மிதவை உயரும்வரை குழிக்குள் தண்ணீர் ஊற்றி, அது ஓடுகிறதா என்று பாருங்கள்.

பதில்: ரொறன்ரோ மாநகரசபை பேஸ்மென்ட் வெள்ளத் தடுப்பு வேலைகளுக்கு மானியம் தருகிறது, இதற்கும் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள், பில்லைப் பத்திரமாக வையுங்கள்.