முன்னாள் ராணுவத்தினர் இழப்பீடு: மேல்முறையீடும் தள்ளுபடி, அடுத்து எந்த வழி?

வணக்கம். என் கணவர் அமெரிக்க ராணுவத்தின் பீரங்கிப் பிரிவில் இருந்தவர். காதில் ஓயாத இரைச்சல். அதற்காக முன்னாள் ராணுவத்தினர் நலத்துறையிடம் கேட்ட இழப்பீட்டை, அதன் மேல்முறையீட்டு வாரியமும் மறுத்துவிட்டது. இரைச்சல் இருப்பதை ஒப்புக்கொள்கிறார்கள். பணியால் வந்தது என்பதற்கு மருத்துவக் கருத்து போதவில்லையாம். மனது ஆறவே இல்லை.

முடிவு வந்த 120 நாட்களுக்குள் முன்னாள் ராணுவத்தினருக்கான மேல்முறையீட்டு நீதிமன்றம் போகலாம், ஆனால் அங்கே புது ஆதாரம் ஏற்க மாட்டார்கள். ஓராண்டுக்குள் புதிய ஆதாரத்தோடு துணை விண்ணப்பம் போட்டால் பழைய விண்ணப்பத் தேதியும் காப்பாற்றப்படும், அதாவது இழப்பீடு கிடைத்தால் அந்தத் தேதியை வைத்தே கணக்கிடுவார்கள். எனக்கு இந்த இரண்டாவது வழிதான் சரி என்று படுகிறது.

பணியால் வந்திருக்கக் குறைந்தது பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்று காரணத்தோடு எழுதித்தரும் மருத்துவரை எப்படித் தேடினீர்கள்? அப்புறம், உடன் பணியாற்றியவர்களின் எழுத்து வாக்குமூலம் எடுபட்டதா? அங்கீகாரம் பெற்ற பிரதிநிதியை வைத்து நடத்தியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.