பொருள்: மீன் விந்தணுவின் 'மோட்டிலிட்டி': வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் தேவை

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். மீன்குஞ்சுப் பொரிப்பகப் பயிற்சிக் கையேட்டின் இனப்பெருக்க இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். தானே நகரும் தன்மையைக் குறிக்கும் 'மோட்டிலிட்டி' (motility) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வரைவில் 'இயங்குதிறன்' என்று இட்டிருந்தேன்; கெண்டை மீன்கள் பற்றிய பகுதியில் அது முட்டுகிறது. ஆண்மீனின் விந்துநீருக்குள் விந்தணுக்கள் அசையாமலே கிடக்கின்றன. நன்னீர் பட்டு, சுற்றிலுமுள்ள சவ்வூடுபரவல் அழுத்தம் (கரைந்துள்ள உப்பு முதலியவற்றின் செறிவால் அமைவது) சட்டென்று தாழ்ந்ததும் வாலை அடித்து நீந்தத் தொடங்கி, கைவசமுள்ள ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறு தீர ஓரிரு நிமிடத்தில் ஓய்ந்துவிடுகின்றன. ஆக, நீர் படுமுன்னரும் திறன் இருக்கிறது, இயக்கம்தான் இல்லை. மூலநூலோ இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லிப் போகிறது. நுண்ணோக்கியில் பார்த்து, நூற்றுக்கு எத்தனை நீந்துகின்றன என்று மாணவர் எழுதும் கட்டத்துக்கு என்ன தலைப்பு இடுவது?

தமிழாசிரியர்:

'திறன்' என்பதைக் கண்ட இடமெல்லாம் ஒட்டுவது நம் கலைச்சொல்லாக்கத்தின் பழைய நோய். அதற்காக 'அசைவு' என்று போய்விடாதீர்கள். சங்க நூல்களில் 'அசைஇ' என்றால் தங்கி இளைப்பாறி என்று பொருள். உயிர்களை நிலைத்திணை, இயங்குதிணை என்று பிரித்த மரபு இருக்க, பண்புப்பெயர் விகுதி சேர்த்து 'இயங்குமை' என்று ஆக்கினால் போதும். மேலும், தொல்காப்பிய மரபியல் ஆண் சுறாவை 'ஏறு' என்கிறது. அவ்வழியே, இனப்பெருக்கத்துக்கு வளர்க்கும் ஆண்மீனை 'ஏற்றுமீன்' என்று வழங்கலாம் என்பது என் நெடுநாள் எண்ணம்.

பொரிப்பகத் தொழில்நுட்பர்:

ஐயா, 'ஏற்றுமீன்' என்று எழுதினால் எங்கள் ஆட்கள் அதை ஏற்றுமதிக்கு ஒதுக்கிவிடுவார்கள். உலர்முறையில் சினையைப் பிதுக்கி ஈரமில்லாத தட்டில் எடுத்து, விந்துநீரை விட்டு, இறகால் மெல்லக் கலந்த பிறகே நீர் சேர்க்கிறோம். முந்தி நீர் பட்டால், விந்தணு சினைமுட்டைக்குள் நுழையும் வழியான ஒற்றைச் சூல்துளையைக் கண்டடைவதற்குள் அதன் ஆயுள் வீணாகிவிடும். நீர் புகுந்து முட்டை உப்பினால் அத்துளையும் அடைபடும். இதைப் புதியவருக்கு விளக்க 'இயங்குமை' உதவாது. 'நீந்தும் விந்தணு விழுக்காடு' என்று எழுதுங்கள். நின்ற இடத்திலேயே துடிப்பவற்றைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்பதும் அதிலேயே விளங்கிவிடும்.

விலங்கியல் பேராசிரியர்:

கட்டத்தின் தலைப்புக்கு அது பொருந்தும். ஆனால் குடலின் இயக்கத்துக்கும் இதே மூலச்சொல்தான் ஆளப்படுகிறது, குடல் நீந்துவதில்லை. தனிமடலில் ஒருவர், இயக்கம் தொடங்கும் நிகழ்வை 'நீருயிர்ப்பு' என்று அழைக்கலாமே என்று கேட்டிருந்தார். சொல் அழகானது, செய்தி தவறானது. உயிர்ப்பு என்றால் அதற்கு முன் விந்தணு செத்துக் கிடந்ததாகிறது. டிரவுட் மீனில் விந்துநீரின் பொட்டாசியம்தான் விந்தணுவை அடக்கி வைத்திருக்கிறது. நீரில் அது நீர்த்துப்போனதும் அடக்கம் நீங்குகிறது. கொடுவா போன்று கடலில் சினையிடும் மீன்களில் விந்துநீரைவிடக் கடல்நீரே செறிவானது, ஆகையால் அழுத்தம் தாழ்வதற்குப் பதிலாக உயரும்போது இயக்கம் தொடங்குகிறது. கப்பி மீனிலோ கருவுறுதல் பெண்மீனின் உடலுக்குள்ளேயே நடப்பதால், விந்தணு வெளிநீரில் நீந்தவேண்டிய தேவையே இல்லை. எல்லாவற்றுக்கும் பொதுவாக 'இயக்கத் தூண்டல்' என்பதே என் பரிந்துரை.

தமிழாசிரியர்:

'இயக்கம்' பிறவினையின் வாடை அடிக்கிறது. இயக்குபவன் ஒருவன் வெளியே இருப்பதுபோல் தோன்றும். விந்தணுவோ தானே இயங்குவது.

மொழிபெயர்ப்பாளர்:

மயங்கு மயக்கம், நடுங்கு நடுக்கம், கலங்கு கலக்கம் என்ற வரிசையில் இயங்கு இயக்கமும் தன்வினையிலிருந்து பிறந்ததுதானே, ஐயா? இனியும் நீட்ட எனக்கு நேரமில்லை. பண்பைக் குறிக்கும் இரண்டோர் இடங்களில் மட்டும் 'இயங்குதிறன்', அளவீட்டில் 'நீந்தும் விந்தணு விழுக்காடு', நிகழ்வுக்கு 'இயக்கத் தூண்டல்' என்று அனுப்புகிறேன். என்னையும் சேர்த்து, இங்கே கருத்துச் சொன்ன நால்வரில் மூவருக்கு இது உடன்பாடு என்று எடுத்துக்கொள்கிறேன்.

தமிழாசிரியர்:

உடன்படாத ஒருவன் நான் என்பது பதிவாகட்டும். 'முடங்கு' என்பதற்கு 'முடக்கம்' இருந்தும் 'முடங்கல்' ஏன் வந்தது என்று விரிவாக நாளை எழுதுகிறேன். அடுத்த பதிப்பிலாவது 'இயங்குமை'க்கு ஓர் அடிக்குறிப்புக் கொடுங்கள்.