வழிகாட்டி மையத்துக்கு எத்தனை ஆள் வேண்டும்? கணக்குப் பார்க்க உதவுங்கள்

வணக்கம். நீலகிரி மாவட்டம் கூடலூர் பக்கம் ஒரு சமுதாயக் கல்லூரியின் வழிகாட்டி மையத்துக்கு ஆள் தேவையைக் கணக்கிடுகிறோம். மாணவர்கள் 240 பேர். ஆளுக்கு வருடத்தில் மூன்று முறை, அரை மணி நேரம் ஆலோசனை என்றாலே 360 மணி நேரம். ஒரே ஆலோசகர், வாரம் 2 நாள், நாளுக்கு 4 மணி நேரம், 30 வாரம்: 240 மணி நேரம்தான் தேறும்.

அதிலும் பெரும்பகுதியை உதவித்தொகை வேலை தின்றுவிடுகிறது. சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு, இவற்றில் பெயர் ஓர் எழுத்து மாறினாலும் மறுபடி அலைச்சல். ஆகவே இன்னொரு ஆலோசகரைவிட, கணினி தெரிந்த உதவியாளர்தான் முதலில் வேண்டும் என்று நினைக்கிறோம். சரிதானா?

வேலை நேரத்தை 15 நிமிடக் கூறாகக் குறிக்கும் தாள் யாரிடமாவது இருந்தால் பகிருங்கள். பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிப் பிள்ளைகளிடம் அவர்கள் மொழியிலேயே பேசிக் கேட்கக்கூடியவர்கள் பந்தலூர் பக்கம் இருந்தாலும் சொல்லுங்கள். என்ன உதவி தேவை என்று கேட்கும் தாளில் ‘தேவை இல்லை’ என்று குறித்துவிடும் பிள்ளைகளுக்குத்தான் தேவை அதிகம்.