மறு: அத்தாரிட்டி கன்ட்ரோல் – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம். நூலகத் துறையில் வழங்கும் 'அத்தாரிட்டி கன்ட்ரோல்' என்பதற்குத் தமிழ்ச் சொல் கேட்டிருந்தீர்கள்.

> அதிகாரக் கட்டுப்பாடு என்றே வைத்துக்கொள்ளலாமே?

வேண்டாம். யாரோ ஆட்சியரின் அதிகாரத்தைக் குறைக்கிறார்கள் என்றுதான் கேட்பவருக்குத் தோன்றும். நூற்பட்டியலில் நடப்பது வேறு. ஒருவருக்கு வழங்கும் பெயர்களில் ஒன்றைத் தலைப்பாக (பட்டியலில் அவரைப் பதிவுசெய்யும் பெயராக) ஏற்று, மற்றவற்றிலிருந்து அதற்கு வழிகாட்டுகிறார்கள். சுஜாதா என்று தேடினாலும் எஸ். ரங்கராஜன் என்று தேடினாலும் ஒரே இடத்துக்கு வந்துசேர வேண்டும். புதுமைப்பித்தனும் சொ. விருத்தாசலமும் அப்படியே.

> அப்படியானால் 'பெயர் ஒருமைப்பாடு'?

பாதி வேலையைத்தான் சொல்கிறது. மறுபாதி, பிரிப்பது. ஔவையாரை எடுத்துக்கொள்ளுங்கள். புறநானூற்றில் அதியமானைப் பாடியவரும் ஆத்திசூடி பாடியவரும் வேறு வேறு காலத்தவர் என்பது ஆய்வாளர் கொள்கை. ஆனால் நெல்லிக்கனி வாங்கிய பாட்டிதான் 'அறம் செய விரும்பு' என்றும் சொன்னாள் என்று நம்புகிற வாசகர் ஏராளம். இரண்டு தலைப்பு போட்டால் நூலகம் இலக்கிய வரலாற்று வழக்கில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. ஒன்றே போட்டாலும் தீர்ப்புத்தான். பட்டியல் போடுபவர் நடுவில் நின்றுகொள்ள இடமே இல்லை.

இதில் நம் பெயர் மரபு வேறு சிக்கல். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனை மேலைப் பட்டியல்களில் 'ரங்கநாதன், எஸ். ஆர். (சியாளி ராமாமிருத)' என்று பார்க்கலாம். ஊரும் (சியாளி என்பது சீர்காழிதான்) தகப்பனார் பெயரும் அவருடைய முதற்பெயர்கள்போல அடைப்புக்குறிக்குள் உட்கார்ந்திருக்கின்றன! நூல்களைப் பொருள்வாரியாக வகைப்படுத்தும் கோலன் பகுப்புமுறை தந்தவருக்கே இந்தக் கதி.

பல நூலகங்களின் பெயர்ப் பதிவுகளை இணைக்கும் பன்னாட்டுக் கோப்பான வி.ஐ.ஏ.எஃப். பரவாயில்லை. பல நாட்டுத் தேசிய நூலகங்கள் தத்தம் வடிவத்தை வைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் ஓர் எண் கட்டிப்போடுகிறது. ஆனால் யார் யாரோடு சேர்வார்கள் என்பதை அங்கேயும் ஏதோவொரு முடிவுதான் தீர்மானிக்கிறது.

என் பரிந்துரை: பெயர்த்தெளிவு. சேர்ப்பதும் பிரிப்பதும் இரண்டும் அதற்குள் அடங்கும். ஏற்ற வடிவம் ஏற்புப்பெயர், மற்றவை மாற்றுப்பெயர், இவற்றைத் தொகுத்து வைக்கும் கோப்பு பெயர்த்தெளிவுக் கோப்பு. ('இன்னாரெனல்' என்றும் யோசித்தேன். அழகுதான், ஆனால் யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள்.)

நூல் எதைப் பற்றியது என்று காட்டும் பொருள் தலைப்புகளில்தான் இந்தச் சொல் இடிக்கிறது. அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ், ஆவணமின்றிக் குடியேறியவர்களைக் குறித்த 'சட்டவிரோத அந்நியர்' என்ற தலைப்பை 2021இல் கைவிட்டது. யாரைக் குறிக்கிறது என்பதில் அங்கே குழப்பமே இல்லை. அவர்களை அப்படி அழைக்கலாமா என்பதுதான் சண்டை. அதைத் தெளிவு என்று சொல்ல மனம் வரவில்லை. அதற்கு மட்டும் 'தலைப்பேற்பு' என்று தனிச்சொல் வைக்கலாமா?

அன்புடன்.