சிறகவரை ஐயா குழுவை விட்டுப் போய்விட்டார், திரும்ப அழைக்கலாமா?

திருவரங்கத்து மாடி:

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2017இல் விதைப் பகிர்வுக்காகத் திருச்சியில் கூடிய முப்பது பேர் சேர்ந்து ஒரு வாட்ஸப் குழு தொடங்கினோம். மாடித்தோட்டம், நாட்டு விதை, பூச்சி, உரம், இவ்வளவுதான் பேச்சு. நான் ஸ்ரீரங்கம். எங்கள் மாடியில் 42 பைகள், நான்கு டிரம்கள், ஒரு பந்தல் இருக்கின்றன. குழுவின் நான்கு அட்மின்களில் நானும் ஒருத்தி.

குழுவில் கீரனூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இருந்தார். சிறகவரை ஐயா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். சிறகவரை என்பது காயில் நான்கு சிறகு உள்ள ஒரு கொடி அவரை. யார் விதை கேட்டாலும் முகவரி வாங்கிக்கொண்டு ஐந்து ரூபாய்த் தபால் உறையில் அனுப்பிவிடுவார். பழைய நாட்காட்டித் தாளில் விதையை மடித்து, வழியில் நசுங்காமல் இருக்க இரண்டு பக்கமும் தீப்பெட்டி அட்டையை வைத்து, நூலால் கட்டியிருப்பார். தாளின் ஓரத்தில் பென்சிலால் விதையின் பெயர், எடுத்த மாதம், "ராத்திரி முழுக்க ஊறணும்" என்று ஒரு வரி. காசு என்று பேச்செடுத்தால் கோபம் வந்துவிடும்.

ஒவ்வொரு புரட்டாசியிலும் குழுவில் ஒரே கேள்வி வரும். ஆடியில் போட்ட சிறகவரை பந்தல் முழுக்கப் படர்ந்துவிட்டது, ஒரு பூகூட இல்லை, பிடுங்கிவிடலாமா? அவர் எழுதமாட்டார், குரல் பதிவுதான் போடுவார். "பிடுங்கிடாதீங்கம்மா. பகல் குறுகினாத்தான் அது பூக்கும். ஐப்பசி வரைக்கும் பொறுங்க." பின்னால் கோழி கத்துவது கேட்கும். இதையே எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. ஒருமுறைகூட "போன வருஷமே சொன்னேனே" என்று சலித்துக்கொண்டதில்லை. சுரையில் பிஞ்சு வெம்பிப்போகிறது என்று நான் அழாத குறையாக எழுதியபோது, "சுரைப்பூ சாயங்காலம்தான் விரியும். நீங்க காலையில போய்ப் பார்த்தா வாடித்தான் இருக்கும். பொழுது சாய ஆண் பூவைப் பறிச்சு, இதழை மடக்கிட்டு, பிஞ்சோட இருக்கிற பூ நடுவுல தடவுங்க. பூசணின்னா அது விடியக்காலை வேலை" என்றார். அன்றைக்கு மாலையே டார்ச்சோடு மாடி ஏறினேன். அந்தக் கொடியில் ஒன்பது காய் பறித்தோம்.

ஒரு குழுவில் 256 பேர்தான் என்று இருந்த காலத்தில் ஒருவர் வெளியேறினால்தான் இன்னொருவருக்கு இடம். சேரக் காத்திருந்தவர்களின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தோம். 2022இல் அந்த எண்ணிக்கை 512 ஆகி, அதே வருடம் 1024 ஆனது. நோட்டில் இருந்த எல்லோரையும் சேர்த்தோம். அப்புறம் இணைப்பை யார் யாரோ பகிர, நாங்களும் தடுக்கவில்லை. இப்போது 870 பேர். காலை ஐந்தரைக்குச் சூரியன், ரோஜா, வணக்கம். எட்டு மணிக்குச் சர்க்கரை நோய்க்கு மருந்து. நடுவில் மனை விற்பனை. "கத்தரி இலைக்கு அடியில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி இருக்கிறதே" என்று புதிதாகச் செடி வைத்த ஒரு பெண் படம் போட்டால், பத்து நிமிடத்தில் அது மேலே போய் மறைந்துவிடுகிறது. யாரும் பதில் சொல்வதில்லை.

போன வாரம் சிறகவரைக் கேள்வி வழக்கம்போல வந்தது. ஐயாவின் குரல் வரவில்லை. உறுப்பினர் பட்டியலின் அடிவரை போய்ப் பார்த்தேன். கடந்த 60 நாளில் வெளியேறியவர்கள் என்று ஒரு வரிசை இருக்கிறதே, அதில் அவர் பெயர். இப்போதெல்லாம் ஒருவர் வெளியேறினால் அட்மினுக்கு மட்டும்தான் தெரியும். அட்மினான நானே கவனிக்கவில்லை.

அவரைத் திரும்ப அழைக்கலாமா? அழைத்தால் இதே இரைச்சலுக்குள்தானே வரவேண்டும்? குழுவை இரண்டாகப் பிரிக்கலாமா? குழு நடத்தி அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பவானிக்கரை:

அக்கா, நாங்களும் ஈரோட்டில் இதே மாதிரி ஒரு குழு வைத்திருக்கிறோம், 400 பேர். பிரித்துவிடுங்கள். நாங்கள் அட்மின் மட்டும் பதிவிடும் குழு ஒன்று, கேள்விக்கு ஒன்று, சும்மா பேச ஒன்று என்று மூன்றாக்கினோம். கேள்விக் குழுவில் படம் போட்டால் கூடவே ஊர், விதைத்த தேதி, தண்ணீர் எத்தனை வேளை, மூன்றும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் பதில் வராது. இந்த ஒரு விதியிலேயே பாதி இரைச்சல் அடங்கிவிட்டது.

ஆனால் காலை வணக்கம் போடுகிறவர்களைக் கடிந்து பேசிவிடாதீர்கள். அந்தத் தப்பை நான் செய்திருக்கிறேன். எழுபது தாண்டிய ஒரு அம்மா தினமும் சரியாக 5.40க்கு முருகன் படம் போடுவார். இது தோட்டக் குழு என்று பொதுவில் எழுதினேன். மறுநாளிலிருந்து நிறுத்திவிட்டார். நான்காம் நாள் அவர் தெருவிலேயே இருக்கும் உறுப்பினர் ஒருவர் எனக்கு போன் செய்தார். "அம்மாகிட்டயிருந்து படமே வரலையே, நல்லா இருக்காங்களான்னு பார்த்துட்டு வந்துட்டேன். நல்லாத்தான் இருக்காங்க. தம்பி வேணாம்னு சொல்லிடுச்சுன்னு சொன்னாங்க" என்றார். பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாடு. அந்த முருகன் படத்தைப் பார்த்துத்தான் அவர் எழுந்துவிட்டார் என்று நாலு பேருக்குத் தெரிந்துகொண்டிருந்தது. அதற்காகவே அந்த மூன்றாவது குழுவைத் தொடங்கினேன். முதலில் அவரைத்தான் சேர்த்தேன்.

பழைய மடலாடி:

சகோதரி, பிரிப்பது இருக்கட்டும். முதலில் ஐயாவின் குரல் பதிவுகளைக் காப்பாற்றுங்கள்.

2003 வாக்கில் நாங்கள் ஒரு யாஹூ குழுமத்தில் எழுதிக்கொண்டிருந்தோம். மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, ஒருவர் டிஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டில் அனுப்ப, இன்னொருவருக்கு அது கட்டம் கட்டமாகத் தெரிய, எழுத்துருவை இறக்கி நிறுவி, அப்படியெல்லாம் பேசினோம். செட்டிநாட்டுச் சமையலிலிருந்து கிணற்று மோட்டாருக்குக் கம்பிச்சுருள் கட்டுவது வரை அதில் இருந்தது. 2019 கடைசியில் பழைய மடல்கள் நீக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. அவகாசமும் இருந்தது. எடுத்து வைக்கலாம் என்று எல்லோரும் சொன்னோம், ஒருவரும் எடுக்கவில்லை. 2020 டிசம்பரில் யாஹூ குழுமங்கள் மொத்தமாகவே மூடப்பட்டன. அதில் எழுதிய மூன்று பேர் இன்று உயிரோடு இல்லை. அவர்கள் எழுதிய ஒரு வரிகூட என்னிடம் இல்லை. இதை எழுதும்போதும் நெஞ்சை அடைக்கிறது.

உங்கள் குழுவின் உரையாடலை எழுத்தாக மட்டும் ஏற்றுமதி செய்தால் குரல் பதிவுகள் அதனுடன் வராது. ஒவ்வொன்றாகச் சேமியுங்கள். ஒரு வாரத்துக்குப் பத்து என்று வைத்துக்கொண்டு, கேட்டு, அவர் சொன்னபடியே தட்டச்சு செய்யுங்கள். பேச்சை நல்ல தமிழாக மாற்ற வேண்டாம். நான் ஐம்பது பதிவுகளைத் தட்டச்சு செய்து தருகிறேன், மெய்யாகவே.

இரண்டாம் மாடி பால்கனி:

நான் சென்னையில் வாடகை வீட்டில் இருக்கிறேன். பால்கனியில் ஆறு பைதான். உங்கள் குழுவிலும் இருக்கிறேன் அக்கா, மூன்று வருடமாக ஒரு வார்த்தை எழுதியதில்லை. மாவுப்பூச்சிக்கு வேப்ப எண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, அதில் கரைய இரண்டு சொட்டு சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்த பிறகு இலைக்கு அடியில் அடிக்கணும் என்று ஐயா வேறு யாருக்கோ சொன்னதைக் கேட்டுத்தான் என் கத்தரி பிழைத்தது. அவருக்கு என்னைத் தெரியவே தெரியாது. பேசும்போது இதைச் சொல்லிவிடுங்கள்.

திருவரங்கத்து மாடி:

எல்லோருக்கும் நன்றி. பவானிக்கரை தம்பி சொன்னபடி பிரிக்கப்போகிறோம், மற்ற மூன்று அட்மின்களும் சரி என்றுவிட்டார்கள். காலை வணக்கத்துக்கும் ஒரு இடம் உண்டு.

நேற்று ஐயாவோடு போனில் பேசினேன். இரைச்சல் தாங்காமல் போயிருப்பார் என்று நினைத்திருந்தேன். அதெல்லாம் இல்லை. அவர் சும்மா கொடுத்த மூக்குத்தி அவரை விதையை ஒருவர் எட்டெட்டாகப் பொட்டலம் போட்டு, நம் குழுவிலேயே ஐம்பது ரூபாய் என்று விற்றாராம். எனக்குக் கோபம் பொங்கியது. அவருக்கு அதிலும் பெரிதாக வருத்தம் இல்லை. "வித்தாவது நாலு வீட்டுக்குப் போகட்டும்மா. எனக்கு அது இல்ல. போன வருஷம் அறுபத்து மூணு கவர் போட்டேன். முளைச்சுதுன்னு ஒருத்தர் எழுதல. முளைக்கலன்னாவது எழுதலாம்ல? விதை கெட்டுப்போச்சா, மாத்தணுமான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

என்னால் பதில் பேச முடியவில்லை. அந்த அறுபத்து மூன்றில் என்னுடையதும் ஒன்று. எட்டு சிறகவரை விதை அனுப்பியிருந்தார், ஏழு முளைத்தது. நான் ஒரு வரி எழுதவில்லை. அதில் எடுத்து வைத்த விதையைத்தான் இந்த ஆடியிலும் போட்டேன்.

பால்கனித் தம்பி, கத்தரி பிழைத்த விஷயத்தைச் சொன்னேன். "எந்த ஊரு?" என்றார். சென்னை என்றதும், "ஆறு பையிலயா?" என்று இரண்டு முறை கேட்டார். நீங்களே அவரிடம் பேசிவிடுங்கள், எண்ணைத் தனியாக அனுப்புகிறேன்.

குழுவுக்குத் திரும்ப வருவது பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. இன்றைக்குக் காலை மாடிக்குப் போனேன். ஐப்பசி பிறந்து பத்து நாள். பந்தலில் வெளிர்நீலத்தில் பூ, அடியில் நான்கு பக்கமும் சிறகு விரித்தாற்போல விரல் நீளத்துக்குப் பிஞ்சு. படம் எடுத்து, எட்டில் ஏழு முளைத்தது, ஐப்பசியில் பூத்தது என்று எழுதி ஐயாவுக்கு மட்டும் அனுப்பினேன்.

அரை மணி நேரத்தில் குரல் பதிவு வந்தது. கோழிச் சத்தம் இருந்தது. "முதல்ல வர்ற காயில நல்ல திரட்சியா நாலைப் பறிக்காம விடும்மா. கொடியிலயே காயட்டும். விதைக்கு."